களிம்பைத் தடவலாமா என்பது பாதிக் கேள்விதான்

‘கர்ப்பிணிகள் மருத்துவரின் ஆலோசனையின்றி இதைப் பயன்படுத்தக் கூடாது.’ எந்தக் களிம்புக் குழாயின் பெட்டியைப் பிரித்தாலும், உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளில் இந்த வரி இருக்கும். உதட்டோரம் கொப்புளமும் எரிச்சலுமாக நிற்கிற கர்ப்பிணிக்கு இந்த வரி உருப்படியாக எதையும் சொல்வதில்லை. ஆபத்து என்கிறதா, ஆபத்தா என்று தெரியாது என்கிறதா, ஆபத்தில்லை ஆனாலும் கேட்டுக்கொள் என்கிறதா? மூன்றுக்கும் ஒரே வாசகம். மருந்தாளுநராக வேலை பார்க்கும் எனக்கு இந்த வரியின் மீது நெடுநாள் கோபம் உண்டு. அதைப் படித்துவிட்டுப் பயந்து வலியைப் பொறுத்துக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன், எல்லா மருந்திலும் இதைத்தானே எழுதுகிறார்கள் என்று அலட்சியமாகக் கடந்து போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

என் தங்கை ஐந்தாம் மாதத்தில் இருந்தபோது ஒரு நாள் இரவு அழைத்தாள். "அக்கா, உதட்டில் பழையபடி வந்துவிட்டது. வீட்டில் அசைக்ளோவிர் களிம்பு இருக்கிறது. தடவினால் குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?" தடவலாம் என்று உடனே சொன்னேன். அவள் நிம்மதியாகத் தூங்கப் போனாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவள் கேட்டதற்குச் சரியான பதிலைத்தான் சொல்லியிருந்தேன். ஆனால் உதட்டில் இப்படிக் கொப்புளம் எழுப்புவது ஹெர்பிஸ் என்ற வைரஸ், அசைக்ளோவிர் அதற்கு எதிரான மருந்து. கர்ப்பகாலத்தில் ஹெர்பிஸ் என்றால் தெரிந்திருக்க வேண்டியவற்றுள் அவள் கேட்டது மிகச் சிறிய பகுதி. மீதியை மறுநாள் அவளிடம் உட்கார்ந்து பேசினேன். இங்கே எழுதுவது அந்தப் பேச்சின் விரிவு.

முதலில் பாதுகாப்பு. ஐந்து சதவீதக் களிம்பு என்றால் ஒரு கிராமில் 50 மில்லிகிராம் மருந்து. ஐந்து கிராம் குழாய் முழுவதையும் பிதுக்கி எடுத்தாலும் 250 மில்லிகிராம்தான். இதே மருந்து மாத்திரையாக வரும்போது, கர்ப்பிணிகளுக்கே ஒரு வேளைக்கு 400 மில்லிகிராம் கொடுக்கப்படுகிறது, அதுவும் நாளுக்கு மூன்று வேளை. அதாவது உதட்டில் மிளகளவு தடவும் களிம்பின் குழாய் மொத்தத்திலும் ஒரு மாத்திரையில் இருக்கும் அளவு மருந்து இல்லை. தோலில் தடவியதில் இரத்தத்துக்குப் போய்ச் சேருவது இன்னும் சொற்பம். உதட்டுப் புண்ணுக்குத் தடவியவர்களின் இரத்தத்தைச் சோதித்தால் மருந்து தென்படுவதே கடினம். தாயின் இரத்தத்திலேயே இல்லாதது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போக வழியில்லை. இந்த ஒரு கணக்கைத் துண்டுத்தாளில் அச்சிட்டிருந்தால் எத்தனை பேருடைய பதற்றம் குறைந்திருக்கும்!

சரி, மாத்திரையாக விழுங்கினால்? அதற்கும் தரவு இருக்கிறது. பெரும்பாலான மருந்துகளுக்கு இல்லாத அளவுக்கு இருக்கிறது. 1984 முதல் 1999 வரை, கர்ப்பகாலத்தில் அசைக்ளோவிர் உட்கொண்ட பெண்களைப் பற்றிய பன்னாட்டுப் பதிவேடு ஒன்று நடத்தப்பட்டது. முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துக்கு உள்ளாகி உயிரோடு பிறந்த 596 குழந்தைகளில் 19 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருந்தது. 3.2 சதவீதம். மருந்தே எடுக்காத பொதுமக்களிடையிலும் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று என்ற கணக்குத்தான் வருகிறது. அதன் பிறகு டென்மார்க்கில், 1996 முதல் 2008 வரை பிறந்த எட்டு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளின் பதிவுகளை மருந்துச் சீட்டுப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், முதல் மூன்று மாதங்களில் ஹெர்பிஸ் மாத்திரைகள் எடுத்த தாய்மார்களின் குழந்தைகள் 1804 பேர். குறைபாடு 2.2 சதவீதம். எடுக்காதவர்களிடம் 2.4. அதே ஆய்வு களிம்பையும் தனியாகப் பார்த்தது. அசைக்ளோவிர் களிம்பு வாங்கிய 2850 கர்ப்பங்களிலும் கூடுதல் ஆபத்து எதுவும் தென்படவில்லை. பென்சிக்ளோவிர் என்ற இன்னொரு களிம்பில் 118 பேர்தான். அங்கும் ஆபத்து தெரியவில்லை என்றாலும், 118 என்ற எண்ணை வைத்து அதே உறுதியோடு பேச முடியாது. கர்ப்பிணிக்கு ஒரு களிம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அசைக்ளோவிரை நான் முன்னால் வைப்பதற்குக் காரணம் இந்த எண் வேறுபாடுதான்.

இவ்வளவு தரவு இருந்தும் அந்த எச்சரிக்கை வரி ஏன் மாறாமல் இருக்கிறது? அதற்குப் பின்னால் நியாயமான ஒரு துயரம் இருக்கிறது. 1950களின் இறுதியில் தாலிடோமைடு என்ற மாத்திரை கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்டது. 1961இல் அது சந்தையிலிருந்து விலக்கப்படுவதற்குள் பல்லாயிரம் குழந்தைகள் கைகால் வளர்ச்சியின்றிப் பிறந்துவிட்டார்கள். அந்த அதிர்ச்சியில் கர்ப்பிணிகள் மருந்து ஆய்வுகளிலிருந்தே ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். பாதுகாக்கத்தான் அப்படிச் செய்தார்கள். ஆனால் ஆய்வில் சேர்க்காததால் தரவு இல்லை, தரவு இல்லாததால் மருந்து இல்லை என்ற நிலை வந்தது. கர்ப்பிணிக்கும் காய்ச்சல் வரும், வலி வரும், வைரஸ் வரும். அவளுக்கு விடை சொல்ல முன்கூட்டியே ஆய்வு இல்லையென்றால், எடுத்துவிட்டவர்களைப் பின்தொடர்ந்து எண்ணுவது ஒன்றுதான் வழி. மேலே சொன்ன பதிவேடு அப்படி உருவானது. தங்கள் கர்ப்பத்தின் விவரத்தைப் பொறுமையாகப் பதிவு செய்ய அனுமதித்த அந்தப் பெண்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

எண்ணிக்கையைத் தவிர, இந்த மருந்து வேலை செய்யும் விதமும் எனக்கு நம்பிக்கை தருகிறது. அசைக்ளோவிர் பிறந்த ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கெர்ட்ரூட் எலியன், 1988இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அதற்கு முந்தைய வைரஸ் மருந்துகள் வைரஸையும் தாக்கின, நம் செல்களையும் தாக்கின. இது அப்படியில்லை. உடலுக்குள் போகும் அசைக்ளோவிர் முதலில் செயலற்றுத்தான் இருக்கிறது. ஹெர்பிஸ் வைரஸ் தன்னுடைய பெருக்கத்துக்காக வைத்திருக்கும் தைமிடின் கைனேஸ் என்ற நொதிதான் அதைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட மருந்து, வைரஸ் தன் மரபணு இழையை நகலெடுக்கும்போது இடையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு மேல் அடுத்த கண்ணியைக் கோக்க முடியாமல் இழை அங்கேயே நின்றுவிடும். வைரஸ் இல்லாத செல்லில் தூண்டிவிட ஆளில்லை என்பதால் மருந்து பெரும்பாலும் சும்மாவே கிடக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

ஆக, தடவலாம். தடவினால் என்ன கிடைக்கும்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பாதுகாப்பானது என்று சொன்னதுமே பலன் தரும் என்றும் சேர்த்துப் புரிந்துகொள்கிறார்கள்.

உதட்டுப் புண்ணுக்கு அசைக்ளோவிர் க்ரீமை வைத்து நடத்தி 2002இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் இருக்கின்றன. ஒன்றில், மருந்தில்லாத வெறும் க்ரீம் தடவியவர்களுக்குப் புண் சராசரியாக 4.8 நாள் நீடித்தது, மருந்து தடவியவர்களுக்கு 4.3 நாள். மற்றதில் 5.2 நாளும் 4.6 நாளும். அதாவது கிடைக்கிற லாபம் அரை நாள். வலியும் சற்று முன்னதாகக் குறைகிறது. அவ்வளவுதான். களிம்பு உதட்டுக்கு மேலே இருக்கிறது, வைரஸோ முகத்தின் உணர்வு நரம்பின் வேரில் குடியிருக்கிறது. மேலே தடவுவது வேர் வரை போவதில்லை. ஆகவே அடுத்த முறை வருவதையும் இது தடுக்காது.

அந்த அரை நாளும் வேண்டுமென்றால் நேரம் முக்கியம். கொப்புளம் எழும்பும் முன்பே, உதட்டில் ஊசி குத்துவது போலச் சுருசுருவென்று இருக்குமே, அப்போதே தொடங்கிவிட வேண்டும். வைரஸ் வேகமாகப் பெருகும் நேரம் அது. பிறகு நாளுக்கு ஐந்து முறை வீதம் நான்கைந்து நாள். பொருக்கு தட்டிய பிறகு தடவிக்கொண்டிருப்பதில் பொருளில்லை. அந்த நிலையில் வெறும் பெட்ரோலியம் ஜெல்லி தடவினாலே வெடிப்பும் வலியும் அடங்கும். தடவுவதற்கு முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும், குழாயை வேறொருவரோடு பகிரக் கூடாது, கண்ணருகில் கொண்டு போகக் கூடாது. கண்ணுக்கான அசைக்ளோவிர் களிம்பு மூன்று சதவீதத்தில் தனியாகத் தயாரிக்கப்படுகிறது. கண்ணில் ஹெர்பிஸ் என்ற சந்தேகம் வந்தாலே அது கண் மருத்துவரின் வேலை.

என் தங்கை இதைக் கேட்டுவிட்டு, "அரை நாளுக்காகவா இவ்வளவு யோசித்தேன்?" என்றாள். அந்த முறை தடவாமலே விட்டுவிட்டாள். தடவியிருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். ஆபத்து ஏறத்தாழ இல்லை, பலன் கொஞ்சம். அப்படிப்பட்ட இடத்தில் முடிவு அந்தப் பெண்ணுடையது. மருந்து வேண்டாம் என்று இருப்பவளைத் தைரியசாலி என்று புகழவும் வேண்டாம், தடவுகிறவளைக் குற்றவாளியாகப் பார்க்கவும் வேண்டாம்.

இடையில் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். வைரஸுக்குப் போடுகிற மருந்து என்ற பெயரில் வீட்டில் கிடக்கும் எல்லாக் குழாய்களும் ஒன்றல்ல. மருவுக்குத் தடவும் போடோபில்லின் வகை மருந்துகளும் வைரஸால் வரும் பிரச்சினைக்குத்தான் பயன்படுகின்றன. ஆனால் அவற்றைக் கர்ப்பகாலத்தில் தொடவே கூடாது. ஸ்டீராய்டு களிம்பை எல்லாப் புண்ணுக்கும் பூசும் பழக்கமும் பல வீடுகளில் இருக்கிறது. ஹெர்பிஸ் கொப்புளத்தின் மீது அதை மட்டும் பூசினால் வைரஸுக்குக் கொண்டாட்டம். குழாயின் மீதிருக்கும் பெரிய பெயரை விட்டுவிட்டுக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். அதே போல, சின்னம்மைக்கும் அக்கிக்கும் இந்தக் களிம்பு போதாது. கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால், கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் இருக்க வேண்டும். அங்கே தேவைப்படுவது மாத்திரை, சில நேரம் ஊசி. களிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு நாளைக்குப் போகலாம் என்று ஒரு நாளைக் கடத்துவது மிகப் பெரிய இழப்பு.

இப்போது எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் இடத்துக்கு வருகிறேன். பிறப்புறுப்பில் வரும் ஹெர்பிஸ். பேசத் தயங்கும் நோய் என்பதால் களிம்பின் மறைவில் ஒளிந்துகொள்வது இதுதான். உதட்டுக்கு வாங்கிய குழாயை அங்கேயும் தடவிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், ஆறிவிட்டது என்று நிம்மதி அடைகிறவர்கள் உண்டு. தானாகவும் ஆறியிருக்கும். அங்கே களிம்பு தருவது மிகச் சொற்பமான பலன்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்குக் களிம்பு வேண்டாம் என்றே சொல்கிறது. களிம்பு குழந்தைக்கு நேரடியாகக் கெடுதல் செய்யப் போவதில்லை. ஆனால் ‘மருந்து போட்டாயிற்று’ என்ற எண்ணத்தைத் தந்து, சொல்ல வேண்டிய விஷயத்தைச் சொல்லாமல் விட வைக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஏன் சொல்ல வேண்டும்? பச்சிளங்குழந்தைக்கு ஹெர்பிஸ் வருவது அரிது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஒரு லட்சம் பிறப்புக்குப் பத்து. ஆனால் வந்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும், உயிரைப் பறிக்கும். இதில் பெரும்பகுதி பிரசவத்தின்போது, குழந்தை வெளியே வரும் பாதையில் தொற்றுவது. அந்த ஆபத்து எல்லாத் தாய்க்கும் ஒரே அளவில் இல்லை. பல ஆண்டுகளாக அவ்வப்போது வந்து போகும் பழைய ஹெர்பிஸ் என்றால், குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. தாயின் உடலில் உருவாகியிருக்கும் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதே தொற்று வாழ்க்கையில் முதன்முறையாகப் பிரசவத்தை ஒட்டிய வாரங்களில் வந்தால் வாய்ப்பு நூற்றுக்கு 30 முதல் 50 வரை ஏறுகிறது. எதிர்ப்பொருள் உருவாகவும் நேரமில்லை, குழந்தைக்குக் கைமாற்றவும் நேரமில்லை.

பழைய தொற்று இருப்பவர்கள் இந்த எண்ணைப் படித்து ஆறுதல் அடைய வேண்டும் என்பது என் ஆசை. ஒருமுறை வந்த நோயால் தாயாகும் தகுதி போய்விட்டது என்று அழுதவர்களை அறிவேன். அப்படியெல்லாம் இல்லை. 36ஆம் வாரத்திலிருந்து பிரசவம் வரை தினமும் அசைக்ளோவிர் அல்லது வாலசைக்ளோவிர் மாத்திரை எடுக்கச் சொல்வார்கள். புண் திரும்ப வருவதையும், புண்ணே இல்லாமல் வைரஸ் வெளியாவதையும் அது குறைக்கும். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ, அது வரப்போகும் சுருசுருப்போ இருந்தால் சிசேரியன் செய்வார்கள். இல்லையென்றால் சுகப்பிரசவத்துக்குத் தடையில்லை. இத்தனை ஏற்பாடும் மருத்துவருக்கு விஷயம் தெரிந்தால்தான் நடக்கும். பரிசோதனை அறையில் மாமியாரோ அம்மாவோ கூட இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மருத்துவர் கையில் கொடுங்கள். தனியாகப் பேச வேண்டும் என்று செவிலியரிடம் சொல்லுங்கள். அவர்கள் இதைப் புதிதாகக் கேட்கப் போவதில்லை. 50 வயதுக்குட்பட்ட உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் உதட்டுப் புண் வகை ஹெர்பிஸ் குடியிருக்கிறது. பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று தேடுவதும் வீண். பல ஆண்டு உறங்கிக் கிடந்தது இப்போது எழுந்திருக்கலாம்.

கணவர்களும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். உதட்டில் புண் இருப்பவர், அது இதுவரை வந்திராத மனைவியின் பிறப்புறுப்பில் வாய்வைத்தால் அதே வைரஸ் அங்கே தொற்றும். உதட்டு வகை, கீழ் வகை என்று நாம் பிரித்து வைத்திருப்பதை வைரஸ் மதிப்பதில்லை. கடைசி மூன்று மாதங்களில் இது மேலே சொன்ன மோசமான சூழலை உருவாக்கக்கூடியது. புண் இல்லாத நாட்களிலும் வைரஸ் வெளியாகும் என்பதால், கணவருக்கு எப்போதாவது உதட்டுப் புண் வந்திருந்தால் அந்த மூன்று மாதமும் இதைத் தவிர்ப்பதே நல்லது. எழுதக் கூச்சமாக இருக்கிறது என்பதற்காக இதை எழுதாமல் விட முடியாது.

என் தங்கைக்குக் குழந்தை பிறந்த பிறகு உதட்டுப் புண் மறுபடியும் வந்தது. தூக்கமில்லாத நாட்களில் வருவது இயல்புதான். பிரசவத்துக்கு முந்தைய கேள்வியைவிட இதுதான் கவனமாக இருக்க வேண்டிய நேரம். உதட்டுப் புண் இருக்கும்போது கருப்பைக்குள் இருந்த குழந்தைக்கு ஏறத்தாழ ஒன்றும் ஆகப் போவதில்லை. வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு ஒரு முத்தம் போதும். புண் முழுதாக ஆறும்வரை முத்தம் கிடையாது, அம்மாவானாலும் தாத்தாவானாலும். தூக்கும் முன் கை கழுவ வேண்டும். புண்ணை முகக்கவசத்தாலோ துணியாலோ மூடிக்கொள்ளலாம். களிம்பு தடவியிருக்கிறேனே என்று யாரும் சலுகை கேட்கக் கூடாது. தடவிய புண்ணிலிருந்தும் வைரஸ் பரவும். தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. மார்பிலேயே கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்காமல், ஆறும்வரை மறுபக்கம் கொடுக்கலாம். மார்பில் களிம்பு தடவி அதன் மேலேயே பாலூட்டுவது சரியல்ல.

வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர் குழந்தையைக் கொஞ்ச முகத்தைத் தாழ்த்தியபோது, அவருடைய உதட்டோரப் பொருக்கைப் பார்த்துவிட்டு என் தங்கை குழந்தையைத் திருப்பிக்கொண்டாள். "தப்பாக நினைக்காதீர்கள், புண் ஆறியதும் நானே கொண்டு வந்து தருகிறேன்" என்றாள். அவருக்குச் சற்று முகம் வாடியது. வாடினால் வாடட்டும் என்று நான் பக்கத்தில் நின்றேன்.

பிறந்து முதல் ஆறு வாரங்களுக்குள் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பினாலும் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ, தோலிலோ கண்ணருகிலோ நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பல குழந்தைகளில் தோலில் எதுவும் தெரியாமலே மற்ற அறிகுறிகள் தொடங்கலாம் என்பதால் கொப்புளத்துக்காகக் காத்திருப்பதும் தவறு. மருத்துவமனையில் அப்போது நரம்பு வழியாக ஏற்றுவதும் இதே அசைக்ளோவிர்தான். தொற்று தோலோடு நின்றிருந்தால் 14 நாள், மூளைக்கோ உள்ளுறுப்புகளுக்கோ போயிருந்தால் குறைந்தது 21 நாள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறார்களோ அவ்வளவுக்குக் குழந்தை மீளும். வாசலில் பார்க்கும் முதல் மருத்துவரிடமே, கடந்த சில வாரங்களில் வீட்டில் யாருக்கு உதட்டுப் புண் வந்தது, தாய்க்குக் கீழே எப்போதாவது புண் வந்திருக்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்.